தறிச் சுவரோரம் ஒரு நாய்க்கூண்டு

திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகும் பஸ். மலையை மேகம் மூடியிருந்தது. ஜன்னலில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க நாய்க்கு சத்தம் இல்லன்னா தூக்கமே வராதுக்கா," என்றாள் இளையவள்.

கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதெப்படி?"

"குட்டியிலருந்து வூட்ல ஓடுற பவர்லூம் தறி பக்கத்துலயே படுத்துகினு வளந்துது. இப்ப வூட்ல கைக்குழந்தை இருக்குதில்ல, நாய் வெளியதான்னு சொல்லிட்டாரு உங்க தம்பி."

"மழையில எங்க படுக்கும்?"

"அவரே பலகையில கூண்டு அடிச்சாரு. கீழ செங்கல், மேல தார்ப்பாய், உள்ள சாக்கு. வாசலக்கூட சாரல் அடிக்காத பக்கமா வெச்சாரு. அது உள்ளயே போவல. அப்புறம் தறி ஓடுற சுவத்தோட ஒட்டி வெச்சோம். போய் சுருண்டுகிச்சு."

"அப்புறம் என்ன?"

"நேத்து சாயங்காலம் மழையில கரண்ட் போயிடுச்சு. தறி நின்னதும் இது ஊளையிட ஆரம்பிச்சுது. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிடுச்சு. என்னடான்னு எட்டிப் பாத்தேன்."

"ஆங்?"

"உங்க தம்பி தலையில லுங்கிய போட்டுகினு மழையில குந்திகினு இருக்காரு. தறி ஓடுற மாதிரியே கூண்டுப் பலகைய தட்டிகினு இருக்காரு."