நானிருக்கேன் அக்காவின் விடுமுறை

இந்த இனிய மாலைக்குத் தலைமையேற்றிருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே! ஏசியும் ஏற்றிவிட்டும் எங்களை ஆளாக்கிய மூத்த செவிலியப் பெருமக்களே! நாங்கள் இல்லாத வீடுகளை நடத்திவரும் தாய்மார்களே! வார்டுகளிலிருந்து ஓடோடி வந்திருக்கும் என் தோழியரே! உங்கள் அனைவரையும் வணங்கி மகிழ்கிறேன்.

செவிலியரின் விடாத பழக்கங்களைப் பற்றிப் பேச என்னையா அழைப்பது? பேருந்தில் ஏறியதும் போனில் செருப்பு பார்க்கத் தொடங்கி, இறங்கும் இடத்தைத் தாண்டிப் போகிறவள் நான்! மூன்றாம் வரிசைச் சகோதரி சிரிக்கிறார். அம்மா, பக்கத்து இருக்கையில் போனில் மிட்டாய் விளையாட்டு ஆடிக்கொண்டு கூடவே தாண்டி வந்தது யார்?

இவற்றையெல்லாம் விஞ்சும் போதை ஒன்று உண்டு. அது அடுத்தவர் டூட்டியை வாங்கிச் செய்யும் போதை!

எங்கள் குழந்தைகள் வார்டில் ஒருவர் இருக்கிறார். பட்டப்பெயர் 'நானிருக்கேன் அக்கா'. போனில் "அக்கா..." என்று யாராவது இழுத்தாலே போதும், காரணம் கேட்கமாட்டார். "நீ வராதே, நானிருக்கேன்!" என்பார். ஒருமுறை அப்படி இழுத்தவர் திரைச்சீலைக் கடைக்காரர். அவருக்கும் விடுப்பு கொடுத்துவிட்டார்!

நாம் சிரிக்கிறோம். அவர் மகள் சிரிக்கவில்லை. பள்ளி நாடகத்துக்கு முந்தைய நாள் காலையில் கேட்டிருக்கிறாள்: "அம்மா, நாளைக்கு நீ வர்றியா, இல்ல உனக்குப் பதிலா யாரையாச்சும் அனுப்புறியா?"

கிண்டலில்லை ஐயா, பிள்ளை நிஜமாகவே கேட்டது. வார்டில் வந்து சொல்லி அக்கா அழுதார், நாங்களும் அழுதோம். அழுது முடித்துச் சதி செய்தோம். நாளை எவளும் அக்காவுக்குப் போன் செய்யக்கூடாது!

நடந்தது என்ன? மறுநாள் போனே வராததால் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வார்டுக்கு என்ன ஆனதோ என்று, நாடகத்துக்குக் கிளம்பியவர் ஆட்டோவை மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டார்! வாசலில் தலைமைச் செவிலியர் இரு கைகளையும் விரித்து மறித்தார்.

"காய்ச்சலா? படுக்கை தர்றேன். இல்லைன்னா திரும்பிப் பாக்காம ஓடு!"

"ஆள் போதுமா மேடம்?"

"போதாதுடி! இருக்கறவங்கள வெச்சு சமாளிச்சுக்கறோம். உன் பொண்ணுக்கு வேற அம்மா கிடையாது, போ!"

ஓடினார் அக்கா. அரங்கில் நாடகம் தொடங்கிவிட்டது. மகளுக்கு மர வேடம், வசனமே கிடையாது. கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா நுழைந்தாரோ இல்லையோ, அந்த மரம் கிளைகளை ஆட்டிக் கத்தியது: "அம்மாவே வந்துட்டாங்க! வேற யாரும் இல்ல, அம்மாவே வந்துட்டாங்க!"

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! அந்த மரத்துக்குக் கேட்கட்டும்!

உதவாதீர்கள் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. மருந்துக்கு மாற்று உண்டு, மருத்துவருக்கு மாற்று உண்டு, டூட்டிக்கும் மாற்று உண்டு. உங்கள் பிள்ளையிடம் உங்களுக்கு மாற்று உண்டா? ஆகவே சொல்லிப் பழகுவோம்: "இன்னிக்கு முடியாது!" என்ன, சத்தமே வரவில்லை? ஊசிக்குப் பயந்த பிள்ளைகளைப்போல் முனகுகிறீர்களே! இன்னொரு முறை... ஆகா! தலைவரே காதைப் பொத்திக்கொண்டார்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், இந்நேரம் நமக்காக வார்டுகளில் நிற்கும் தோழியருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இனி யாரும் இங்கே நிற்காதீர்கள், உங்களுக்காக வீட்டில் ஒருவர் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வணக்கம்!