பாய் வண்டி நின்ற இடங்கள்

டீசல் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் அது வெறும் காற்றுதான். டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் போகிற வழியில் எங்காவது கொஞ்சம் காற்று புகுந்துவிடும், டீசல் வரத்து அறுந்துபோகும், வண்டி உதறிவிட்டு நிற்கும். ஃபில்டருக்கு மேலே இருக்கிற ஹேண்ட் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினால் மறுபடி ஓடும். இதை நான் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லித் தருவேன். சொல்லித் தந்தால் பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிற ஆள் இல்லை நான்.

செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில் என் ஷெட் இருக்கிறது. போர்டு கிடையாது, ஜெயராமன் ஷெட் என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கோட்டை பார்க்க வருகிற கார்க்காரர்கள் வழி கேட்க நிறுத்துவார்கள். வழி சொல்வேன், அவர்களுடைய புதுக் கார்களைத் தொட மாட்டேன். எனக்குப் பழைய பிக்கப் வண்டிகள் போதும். என் மனைவி மீனம்பாள் போன பிறகு வீடு என்பது படுப்பதற்கு மட்டும்தான். பிள்ளையும் இல்லை. யாரும் ஐயோ பாவம் என்று சொல்ல வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வருகிற விஷயம் புரிய இது வேண்டும்.

அன்வர் பாஷா ஆடு ஏற்றுகிறவர். அவலூர்பேட்டைச் சந்தைக்கும் சுற்றுவட்டார ஊர்களுக்கும் பிக்கப் ஓட்டுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். தினமும் மதியம் அவர் மனைவி ரோஷன் பீ கட்டிக்கொடுத்த சாப்பாட்டோடு என் ஷெட்டுக்கு வந்துவிடுவார். தூக்கில் எனக்கும் சேர்த்துத்தான் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நான் வேலை பார்ப்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார். பல வருஷமாகப் பார்த்துப் பார்த்து என் வேலையின் வரிசையே அவருக்கு மனப்பாடம். நின்ற வண்டி வந்தால் நான் முதலில் ஃபில்டரைக் கழற்றுவேன். பிறகு பம்ப். பிறகு இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலுக்குப் போகிற பைப்புகள். கடைசியில்தான் அடியில் படுத்து டேங்க் பக்கத்து ஹோஸைப் பார்ப்பேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படிக் கற்றுக்கொடுத்தார், நானும் மாற்றியதில்லை. நான் கேட்பதற்கு முன்பே பாய் சரியான ஸ்பேனரை நீட்டுவார்.

"நீ வண்டி பாக்கல ஜெயராமா, ஓதற. ஒரு எழுத்து முன்ன பின்ன ஆவாது" என்று கிண்டல் செய்வார்.

அவருக்கு ஒரே பெண், நஜ்மா. என்னை மாமா என்று கூப்பிடுவாள். சின்ன வயதில் ஷெட்டில் கிடக்கிற பால் பேரிங் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் விளையாடுவாள். அவளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை உசைர் அங்கே ஷூ கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். நல்ல பையன். அந்த நல்ல பையன்தான் ஒருநாள் மாமனாரிடம், வண்டியோடு இங்கேயே வந்துவிடுங்கள், கம்பெனியில் லோடு கிடைக்கும், மகள் பக்கத்திலேயே இருக்கலாம் என்று சொன்னான்.

பாய் இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லதாச்சே பாய். போய்டு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன்.

அன்று அவருடைய வண்டி ஆயில் மாற்றுவதற்காக என்னிடம் நின்றிருந்தது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் அடியில் படுத்திருந்தேன். கோணி ஊசி ஒன்று ஷெட்டில் எப்போதும் கிடக்கும். டேங்கிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸில், கிளிப்பின் ஓரத்தில், அந்த ஊசியால் ஒரு குத்து குத்தினேன். அது டீசலை உறிஞ்சுகிற பக்கம். ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். ரப்பர் குளிர்ந்திருக்கும்வரை துளை மூடியே இருக்கும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் திறக்கும். செஞ்சிக்குள் ஓடுகிற வண்டிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆம்பூருக்குப் போகிற வண்டிக்குத்தான் கெடுதல். இதில் எனக்குக் கோபமோ வஞ்சமோ இல்லை. பிடித்தமான ஒரு பொருளைக் கைக்கெட்டுகிற இடத்தில் எடுத்து வைக்கிற மாதிரிதான் செய்தேன்.

முதல் தடவை அவலூர்பேட்டை ரோட்டில் நின்றது. பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தத்தோடு போன் வந்தது. "ஜெயராமா, நின்னுட்டுதுபா." நான் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். ஃபில்டர், பம்ப், பைப் என்று வரிசையாகப் பார்த்துக் காற்றை எடுத்து, துளை மூடும்படி கிளிப்பையும் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். அப்புறம் இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றோம். ஷெட்டில் பேசுவது வேறு, ரோட்டோரம் பேசுவது வேறு. ஷெட்டில் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ரோட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். மீனம்பாள் எப்படிச் செத்தாள் என்பதை முழுசாக நான் ஒருவரிடம் சொன்னது அப்படி ஒரு ரோட்டோரத்தில்தான். பாய் என் தோளில் கை போட்டு என்னை அழ விட்டார்.

அடுத்து சீயமங்கலம் பிரிவில் நின்றது. பிறகு வேறு சில இடங்களில். ஆம்பூர்ப் பேச்சு எழும்போதெல்லாம் கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்துவேன், பேச்சு அடங்கினால் இறுக்குவேன். மலையனூர் அங்காளம்மன் கோவிலிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வண்டி முன்னால் கட்டினேன். "நீ கட்டுனா கட்டு, உன் வண்டிதான" என்று பாய் சிரித்தார். இந்த வண்டியை நம்பி அவ்வளவு தூரம் குடிபோக முடியாது என்று உசைரிடம் அவரே சொல்லிவிட்டார்.

"இது உன்ன வுட்டுப் போவ மாட்டேங்குது ஜெயராமா" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நஜ்மா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

"மாமா, எனக்கு வலி வந்தா அத்தா வண்டியிலதான் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும். நல்லா பாத்து வைங்க."

"நான் இருக்கேன்ல. நீ போய் ரெஸ்ட் எடு."

புது ஹோஸ் ஷெட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றுவது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மாற்றியிருப்பேன், சத்தியமாக. ஆனால் அந்த வாரம் உசைர் வந்திருந்தான். குழந்தை பிறந்ததும் எல்லோருமாக ஆம்பூர் போய்விடலாம், வேறு வண்டிகூடப் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுபடி ஆரம்பித்தான். பாய் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஹோஸ் ஆணியிலேயே இருந்தது.

அமாவாசைக்கு மறுநாள் காலை. மலையனூர்க் கூட்டம் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம், ரோடெல்லாம் வண்டி. பாயிடமிருந்து போன் வந்தது. "விழுப்புரம் ரோட்ல நின்னுட்டுது. நஜ்மாவுக்கு ரத்தம் போவுது" என்றார். ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது, திரும்பி வரக் காத்திருக்காமல் அவரே கிளம்பியிருந்தார். வழியில் யாரோ ஷேர் ஆட்டோவை நிறுத்திக் கேட்டதற்கு, மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறார் என்று அனுப்பிவிட்டாராம். அவருக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் போய்ச் சேர்ந்தபோது பாய் ஹேண்ட் பம்பை அடித்து அடித்துக் கை சிவந்து நின்றார். அடித்தால் கொஞ்ச தூரம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது என்றார். துளை பெரிதாகிவிட்டது. ரப்பர் அல்லவா, நாளாக நாளாக விரியும். அதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பின்னால் மெத்தை போட்டு நஜ்மா படுத்திருந்தாள், ரோஷன் பீ மடியில் தலை. மெத்தையின் நிறத்தை நான் பார்த்தேன்.

"மாமா வந்துட்டாரு, மாமா வந்துட்டாரு" என்று ரோஷன் பீ அவளுடைய கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான். அடியில் படுத்து, துளை இருக்கிற நுனியை வெட்டிவிட்டு, ஹோஸை மறுபடி மாட்டிக் கிளிப்பை இறுக்குவது. கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்துவிடுவேன். ஆனால் பாய் பக்கத்தில் நின்றார். கையில் ஃபில்டருக்கான ஸ்பேனரைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். ஒரு எழுத்து முன்னே பின்னே போகாதவன் நான். நேராக ஹோஸில் கை வைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

நான் ஸ்பேனரை வாங்கினேன். ஃபில்டரைக் கழற்றினேன்.

ஒரு கார் வந்து நின்றது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு கோவிலுக்குப் போய்த் திரும்புகிற குடும்பம். ஓட்டிவந்தவர் இறங்கி வந்து, "பொண்ண இதுல ஏத்துங்க, நாங்க எறங்கி பஸ்ல வந்துக்கறோம்" என்றார். ரோஷன் பீ எழப்போனார். பாய் என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறாய் என்று கேட்கிற பார்வை அது. வாழ்க்கையில் என்னை அப்படிப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை.

"அஞ்சு நிமிஷம் பாய். கெளம்பிடும்" என்றேன்.

கார் போய்விட்டது. நான் ஃபில்டரை மாட்டினேன். பம்பைப் பார்த்தேன். நாசில் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினேன். நஜ்மா முதலில் முனகிக்கொண்டிருந்தாள், பிறகு சத்தம் குறைந்தது. கடைசியில் அடியில் படுத்து ஹோஸைக் கண்டுபிடித்தேன். அந்த வண்டி அதற்குப் பிறகு ஒரு உதறல்கூட இல்லாமல் விழுப்புரம் போய்ச் சேர்ந்தது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. நஜ்மா பிழைக்கவில்லை.

வெட்டியெடுத்த நுனியைப் பார்க்க வேண்டும் என்று பாய் அடக்கமெல்லாம் முடிந்த பிறகு கேட்டார். எலி கடித்திருக்கிறது என்றேன். ஆட்டுக்குப் போடுகிற தழை வண்டியிலேயே கிடந்தால் எலி வரத்தானே செய்யும். இது நடக்கிற விஷயம்தான், நான் பொய்யாக எதையும் கட்டவில்லை, இந்த வண்டியில் நடக்கவில்லை என்பதைத் தவிர. பாய் அந்த ரப்பர் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தழையக் கூட்டித் தள்ளுனு அவ அம்மா சொல்லிக்கினே இருந்தா" என்றார். அன்றிலிருந்து தினமும் வண்டியின் பின்பக்கத்தை அவர் பெருக்குகிறார். ஒரு இலை இருக்காது. இருந்தாலும் பெருக்குகிறார். அந்தத் துடைப்பச் சத்தம் கேட்டால் கையிலிருக்கிற சோற்றைத் தூக்கிலேயே போட்டுவிடுவேன். சோறு இறங்குவதில்லை. குற்ற உணர்ச்சி என்று ஏதேதோ சொல்கிறார்களே, எனக்கு அது அந்தச் சத்தம்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பேத்திக்கு ஜோயா என்று பெயர் வைத்தார்கள். கைக்குழந்தையை வளர்க்க வேண்டுமென்பதால் ஆம்பூர்ப் பேச்சு நின்றது. பாய் தினமும் குழந்தையோடு ஷெட்டுக்கு வந்தார். உத்தரத்தில் தூளி கட்டினோம். ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே அவர் ஸ்பேனர் நீட்டுவார். என் ஷெட்டில் அவ்வளவு நல்ல நாட்கள் அதற்கு முன்னால் இருந்ததில்லை. குழந்தை முகத்தைப் பார்த்தால் நஜ்மா பால் பேரிங் பொறுக்கியது ஞாபகம் வரும். அப்போதெல்லாம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

இப்போது உசைர், குழந்தை தன் கண்ணெதிரில் வளர வேண்டும் என்கிறான். நியாயம்தான். பாயும் ரோஷன் பீயும் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆம்பூருக்கே போவதாக முடிவாகிவிட்டது. நேற்று வண்டியை என்னிடம் விட்டார். "ரொம்ப தூரம். குழந்த வேற இருக்குது. நீ பாத்தா போதும்" என்றார்.

எல்லாம் பார்த்தேன். ஆயில், பிரேக், டயர். ஹோஸ் புதுசுதான், நஜ்மா போன பிறகு மாட்டியது. பாய் தூளியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். உண்மையை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் போவதற்கு முன்னால் அந்தத் துடைப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கிவிட வேண்டும். ஆனால் ஷெட்டில் எப்படிச் சொல்வது. யாரோ வந்தார்கள், டீ வந்தது, யாரோ வழி கேட்டார்கள். எங்களுக்குப் பேச வருவது ரோட்டோரத்தில்தான்.

அதனால்தான் கோணி ஊசியை எடுத்தேன். சின்னத் துளை, முன்பைவிடச் சின்னது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, நிழல் உள்ள ரோடு அது. காலையில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். சேத்துப்பட்டு தாண்டுவதற்குள் போன் வரும். நான் போவேன். பாய் ஃபில்டர் ஸ்பேனரை நீட்டுவார். நான் வாங்க மாட்டேன். நேராக அடியில் படுத்து ஹோஸில் கை வைப்பேன். அவருக்குப் புரிந்துவிடும், நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

பைக்கில் பெட்ரோல் நிரப்பி வைத்திருக்கிறேன். இந்த முறை தாமதிக்க மாட்டேன்.