கிழியாத புடவை

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவது எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அதற்கு முன்னால் எனக்கே தெரியாது. நீங்கள் ஜீப்பில் போகிறவர், உங்களுக்கு அது பெரிதாகத் தோன்றாது. செங்கல்பட்டு ஏரிக்கரைக் காற்று முகத்தில் அடித்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் பாதி திரும்பி, "இன்னா அலமு, காத்து கீத்து புடிச்சிக்கிச்சா?" என்றார். அவர் நல்ல நெட்டை. வண்டி சாயப்பட்டறை முருகேசனிடம் இரவல் வாங்கியது. வளைவு வரும்போதெல்லாம் அவர் முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. அதைப் பார்த்தும் சிரித்தேன். அன்றைக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் பெயரை மட்டும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். புருஷன் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

முதலில் ஒன்று. அவர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை; அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அது காரணம் இல்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். மாமியார் லோகாம்பாள், கொழுந்தன் பழனி, அவன் பெண்சாதி காந்தா, அவர்கள் பிள்ளைகள், எப்போதும் வந்து தங்கியிருக்கிற யாராவது ஓர் உறவு, நடுவில் இரண்டு தறி. எங்கள் தறியில் ஓடியது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பூட்டி நெய்ய ஓர் ஆளின் கை போதாது. குழியில் கால் விட்டு மிதித்து நெய்கிறவர் அவர். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் நாடாவை ஓட்டுகிறவள் நான். அவர் மிதித்தால் நான் போடவேண்டும், அவர் நிறுத்தினால் நானும் நிறுத்தவேண்டும். பொழுது விடிந்தால் பொழுது போனால் ஒரு முழத் தூரத்தில் இருப்போம். ஆனால் பேசமாட்டோம். பேசினால் கணக்குத் தப்பும். தறியை விட்டு எழுந்தால் அவர் அம்மாவுக்குப் பிள்ளை, பழனிக்கு அண்ணன், காந்தாவின் பிள்ளைகளுக்குப் பெரியப்பா. எனக்கு என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு முழம்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் துறுதுறுக்கும். "இவ கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்று மாமியார் சொல்வார். தவறில்லை. கோயிலுக்கு என்று கிளம்பி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுவிட்டு வருவேன். மகாபலிபுரம், பாண்டிச்சேரி என்று கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். 

தீபாவளி முடிந்த நாளிலிருந்தே அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொங்கலுக்குத் தறி ஓடாது, முதலாளி கடையும் பூட்டியிருக்கும், கடலோரமாகவே கொஞ்ச தூரம் போய் வரலாம், நாம் இரண்டு பேர் மட்டும். அவர் மழுப்புவார். நான் விடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் இல்லையா? கடைசியில் சரி என்றார்.

மாமியார் வாசலில் நின்று, "பண்டிகையும் அதுவுமா வூட்ட வுட்டுட்டு ஊர் சுத்தப் போறீங்களே, நல்லாக்கீதாடா? வர்றவங்க கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றார்.

"ரெண்டு மூணு நாளுதாம்மா. காணும் பொங்கலுக்கு மறுநாளு வந்துடுவோம்" என்றார் இவர். குற்றம் செய்தவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு அப்போதே எரிச்சலாக இருந்தது.

வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போகவில்லை ஐயா. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பழைய பாவு நூலில் கடைசிப் புடவையை அறுத்து இறக்கிவிட்டு, புதுப் பாவு நூலையும் தறியில் பிணைத்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பண்டிகை முடிந்ததும் வேலையில் உட்கார வேண்டுமே. இறக்கிய புடவை அரக்கு உடம்பு, பச்சைக் கரை. முதலாளியிடம் கொடுக்க வேண்டியது, அவர் கடை திறக்கும்வரை வீட்டில்தான் இருக்கும். அதைப் பையில் வைத்து எடுத்து வந்தேன். கட்டிக்கொள்ள இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டுமே சேர்ந்து செய்த பொருள் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அவரிடம் அப்படிச் சொன்னபோது, "அழுக்காக்கிடாத, முதலாளி திட்டுவாரு" என்றார்.

மகாபலிபுரத்தில் நல்ல கூட்டம். அலை வந்து காலில் பட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். அம்மாவுக்கு ஒரு சிப்பிப் பெட்டி, பிள்ளைகளுக்குச் சோழி மாலை, காந்தாவுக்குக் கண்ணாடி வைத்த சீப்பு. "அம்மா இத்தப் பாத்தா எம்மாம் சந்தோசப்படும்" என்றார். கலங்கரை விளக்கத்தைப் பார்த்தால் பழனி ஞாபகம் வந்தது. சுண்டல் வாங்கினால் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. நாங்கள் தனியாகவே இல்லை ஐயா. மொத்தக் குடும்பமும் எங்கள் நடுவில் அந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்து வந்தது.

அன்றிரவு சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். எனக்கு நல்ல தூக்கம். அவருக்கு இல்லை. "வூட்ல ஒரே சத்தமா இருக்கும். இங்க சத்தமே இல்ல, அதான் தூக்கம் வர்ல" என்றார். விடிந்ததும் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னிக்கே திரும்பிடலாம் அலமு. காணும் பொங்கலுக்கு எல்லாரும் வருவாங்க, நாம இல்லாட்டி நல்லா இருக்காது."

நான் அழவில்லை, சண்டை போடவில்லை. தெற்கே கடப்பாக்கம் பக்கத்தில் ஆலம்பரை என்று ஓர் இடிந்த கோட்டை இருக்கிறதாம், அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றேன். அவர் இளகிய மனசுக்காரர். ஒத்துக்கொண்டார்.

ரொம்ப அழகான இடம். சவுக்குத் தோப்பு, அதைத் தாண்டி உடைந்த செங்கல் மதில், மதிலுக்குக் கீழே உப்பங்கழி, அதற்கு அப்பால் ஒரு மணல்திட்டு, திட்டுக்கு அந்தப்பக்கம் கடல். அவர் ஸ்கூட்டரை நிழலில் நிறுத்தப் போயிருந்தார். மீன்கூடையோடு போன ஓர் அம்மாள் என்னைப் பார்த்து நின்றாள். நேற்று நீங்கள் கூட்டிவந்து நிறுத்தினீர்களே, அன்னம்மாள், அவள்தான்.

"வெளியூரா? திட்டுக்குப் போறதானா சுருக்கா போயிட்டு வந்துடுங்கம்மா. உச்சி சாஞ்சா தண்ணி ஏறும். கணுக்கால் தண்ணின்னு நெனச்சிக்கினு நின்னா ஆளையே முழுங்கிடும்" என்றாள்.

சரி என்று தலையாட்டினேன். அவள் சந்தைக்குப் போனாள். அவள் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். உச்சி சாய்ந்தது. அந்தத் திட்டில் நல்ல சங்கு கிடக்கிறதாம், மாமியார் பூஜையில் வைக்கலாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு என்றதும் எழுந்துவிட்டார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனார், தண்ணீர் கணுக்கால்தான் இருந்தது. திட்டில் குனிந்து குனிந்து தேடினார். ஒருமுறை நிமிர்ந்து, வந்துவிடட்டுமா என்று சைகை செய்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள் என்று நான் கையைக் காட்டினேன். மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என் கால் துறுதுறுக்கவே இல்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அவர் திரும்பியபோது கழி நிரம்பிக்கொண்டிருந்தது. பாதி வழியில் இடுப்பு, பிறகு மார்பு. காலுக்கடியில் மணல் நழுவியது போலிருக்கிறது, சாய்ந்து சாய்ந்து நின்றார். அவருக்கு நீச்சல் தெரியாது. காஞ்சிபுரத்தில் நெய்கிறவன் நீச்சலுக்கு எங்கே போவான்?

"அலமு, பொடவையப் போடு" என்று கத்தினார்.

பையிலிருந்த அந்தப் புடவையை எடுத்துப் போட்டேன் ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள். முந்தி முனையில் ஒரு செங்கல் துண்டை முடிந்து வீசினேன். அவர் பிடித்துக்கொண்டார். இந்தப்பக்கத்து முனையைக் கையால் இறுக்கிப் பிடித்து, மதிலில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். அவர் ஓர் ஆள் தூரம் கிட்டே வந்தார். பயம் போய் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "புடி, புடி. நம்ம பொடவ, தாங்கும்" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார். எனக்கு மனசு நிறைந்து போயிற்று. அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் பேசினார்.

"கரை ஏறுனதும் வூட்டுக்குக் கெளம்பிடலாம் அலமு. அம்மா தேடிக்கினு இருக்கும்."

நான் கையைத் திறந்தேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. நெய்யும்போது இழை அறுந்தால் குனிந்து பார்ப்பாரே, எங்கே விட்டது என்று, அப்படித்தான் பார்த்தார். பிறகு தண்ணீர்தான் இருந்தது. நான் பொட்டலம் கட்டிவந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குப்பத்துக்குப் போய்ச் சொன்னேன். வலை போட்டு எடுத்தார்கள். புடவை அவர் கையிலேயே இருந்தது.

முதல் நாள் நீங்கள் என்னிடம் எவ்வளவு நல்லவிதமாக நடந்துகொண்டீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "புடவை கிழிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். அது எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் வாய் வரவில்லை. உடம்பும் முந்தியும் சேருகிற இடத்தில் ஒவ்வோர் இழையையும் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பிணைத்தது அது. கரையைப் பூட்டியது என் கை. "எங்க நெசவு கிழியாதுங்க" என்றேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தீர்கள். "அப்ப எப்படிம்மா வுட்டுது?" என்றீர்கள். அன்றைக்கு நான் தண்ணீர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். ஆனால் இது திட்டம் போட்டுச் செய்தது இல்லை. கையைத் திறக்கிற அந்த நொடிவரை எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. இன்னும் ஒரு நாள் இருக்கலாம் அலமு என்று அவர் சொல்லியிருந்தால் இழுத்துக் கரை சேர்த்திருப்பேன். அவர் எனக்கு வேண்டும் என்றுதானே அவ்வளவு தூரம் கூட்டிப் போனேன்? அவர்மேல் எனக்கு இருந்த ஆசை அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை.

நேற்று எங்கள் வீட்டுக்குப் போய்த் தறியைப் பார்த்தீர்கள் என்று காந்தா வந்து சொன்னாள். புதுப் பாவில் கரையே இல்லை, ஓர் ஆள் நெய்கிற பாவு அது என்று பழனி உங்களிடம் சொன்னானாம். உண்மைதான். பொங்கலுக்கு முன்னால் முதலாளி கலியாணசுந்தரத்திடம் நான்தான் அதைக் கேட்டு வாங்கினேன். "ஆம்படையான் பொண்டாட்டி ரெண்டு பேரும் குந்தறப்ப ஒத்த ஆள் பாவு எதுக்கும்மா?" என்று அவரும் கேட்டார். எனக்கு மணிக்கட்டு வலி, கொஞ்ச நாள் அவர் மட்டும் நெய்யட்டும் என்றேன். வீட்டிலும் அதையே சொன்னேன். அவர் பாவம், எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பழனி அந்தத் தறியில் உட்கார்ந்து பார்த்தானாமே. அதை ஏன் செய்யச் சொன்னீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. குழியில் காலால் மிதிக்கிற கட்டையை நெய்கிறவர் கால் நீளத்துக்குக் கயிறு விட்டுக் கட்டுவோம். நாங்கள் கிளம்பிய அன்று காலையில், வண்டி வாங்க அவர் முருகேசன் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், சும்மா இருப்பானேன் என்று அந்தக் கயிற்றை நான் ஏற்றிக் கட்டினேன். பண்டிகை முடிந்ததும் வேலையில் உட்கார வேண்டுமே, அதற்காகத்தான்.

அவர் நெட்டை. அந்த உயரத்தில் அவர் மிதித்தால் முட்டி தறியில் இடிக்கும். எனக்குச் சரியாக இருக்கும்.