தண்ணி ஊசி

— ஊசி இல்லன்னா இன்னா பாய் அர்த்தம்? தோ, கண்ணாடி பீரோவுல வரிசையா அடுக்கி வெச்சிருக்கீங்களே!

— அடுக்கித்தான் இருக்குது ரஞ்சிதம். பத்து நாளா நான் யாருக்கும் போடறதில்ல. மாத்திரை தரேன். சிவப்பு மிக்சர் கலக்கித் தரேன். சீசா கொண்டாந்தியா?

— கொண்டாரல. மிக்சருக்கா நான் கூலிய வுட்டுட்டு வந்தேன்? கடலக்காட்டுல மல்லாட்டைப் பறி நடக்குது, ஆளு கெடைக்காம அலையிறாங்க அங்க. எம் பொண்ணத் தொட்டுப் பாருங்க. தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது.

— பாத்தேன்மா. நூத்தி ரெண்டரை இருக்குது. எத்தினி நாளா?

— இன்னியோட நாலு நாளு.

— வாந்தி எடுத்தாளா?

— மொத நாளு மட்டும். அப்பறம் கழுத்து வலி போல, அழுதுக்கினே இருக்கா. ரெண்டு வயசுப் புள்ளைக்குச் சொல்லத் தெரியல, கையக் கையக் கழுத்துல வெக்கிறா.

— வேற எங்கயாச்சும் காட்டுனியா?

— உங்கள வுட்டா எங்களுக்கு யாரு பாய் இருக்காங்க? டாக்டரு புதுச்சேரிக்குப் போயிட்டாரு. அவரு இருந்தப்பவும் நான் அவருகிட்ட போனதில்லயே. கம்பவுண்டரு பாய் கையால ஊசி போட்டாதான் எங்க தெருவுக்கே ஜொரம் எறங்கும். மத்தவங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்குப் போடுவீங்க.

— உனக்கும் போட மாட்டேன்.

— மண்டிக்காரரு மெத்தை வூட்டுலேருந்து வந்தா போடுவீங்க, இல்ல?

— அவரு பேரனுக்கும் இல்லன்னுதான் சொன்னேன். அவரு திட்டுனது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுது.

— அப்ப இன்னாதான் காரணம்? மருந்து தீந்து போச்சா? கவர்மெண்டுல தடை போட்டுட்டாங்களா?

— ரெண்டும் இல்ல.

— பின்ன?

— காரணம் இருக்குது. விடும்மா. இந்த மாத்திரையில பாதி இப்ப, பாதி சாயங்காலம். தேன்ல குழைச்சுக் குடு. ஒடம்ப அலட்டாம படுக்க வை. ஓட விடாத, தூக்கிக்கிட்டு அலையாத.

— படுக்க வெக்கவா? நல்லா சொன்னீங்க! ஒருத்தன அப்டிப் படுக்க வெச்சிட்டுத்தான் ஆறு வருஷமா அனுபவிக்கிறேன். எம் மூத்த புள்ள கன்னியப்பன ஈரத்துல போட்டுக் கெடுத்த பாவி பாய் நானு. நடவுக்குப் போன எடத்துல வரப்புல துணிய விரிச்சுப் படுக்க வெச்சேன். துணி நனைஞ்சு போனது கூடத் தெரியாம குனிஞ்சிக்கினு இருந்தேன். வாதம் அடிச்சிடுச்சு. இவள நான் பூமியிலயே வுடல. நடவுக்கும் முதுகுல, களைக்கும் முதுகுல. இடுப்பு ஒடிஞ்சாலும் எறக்கல.

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு ரஞ்சிதம்?

— நான் பேசலன்னா எம் மாமியாரு பேசாம வுடுதா? சோத்தப் போடும்போது பேசுது, பாய் விரிக்கும்போது பேசுது. புள்ளைங்க அப்பா, துரைக்கண்ணு இருக்காரே, குடிச்சிட்டு வந்தாருன்னா மொத அடியே, ஈரத்துல போட்டியேடின்னுதான். நான் கையத் தூக்கித் தடுக்கக்கூட மாட்டேன். நியாயமான அடிதானேன்னு வாங்கிக்குவேன். நேத்து பசங்கல்லாம் செட்டிகொளத்துக்குக் குளிக்கப் போச்சுங்க. இவன் கரையில உக்காந்து அதுங்க சட்டைக்குக் காவல். எட்டு வயசாவுது, அதான் அவன் வேலை.

— ஏங்க! கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போங்க.

— இரு ஷரீஃபு. புள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

— பாத்தது போதும். வாங்கன்னா வாங்க.

— ரஞ்சிதம், இந்தத் துணிய நனைச்சு நனைச்சு நெத்தியில போட்டுக்கிட்டே இரு. வந்துடறேன்.

— பாயம்மா கூப்பிடறாங்க, போயிட்டு வாங்க. நான் எங்க போவப் போறேன்?

— என்ன ஷரீஃபு?

— மெல்லப் பேசுங்க. நடுவுல வெறும் தட்டிதான் இருக்குது. உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். இப்ப அவகிட்ட எல்லாத்தையும் கொட்டப் போறீங்க, இல்ல?

— கேக்குறா. பதில் சொல்லணுமில்ல?

— சொல்லிட்டு? நம்ம பொண்ணு ஜாஹிதா நிக்காவுக்கு இன்னும் இருபது நாளு இருக்குது. ஊரு வந்து கதவ இடிச்சா மாப்பிள்ளை வூட்டுக்காரங்க நிப்பாங்களா? அந்த மெட்ராஸ் டாக்டரு வந்தாரு, நொண்டிப் புள்ளைங்களப் பாத்தாரு, எழுதினாரு, ஜீப் ஏறிப் போயிட்டாரு. நாமதான் இங்க இருக்கணும்.

— அரங்கநாதன் நல்ல மனுஷன் ஷரீஃபு. என் பேர எங்கயும் எழுதல.

— எழுதாதத நீங்க ஏன் வாயால சொல்றீங்க? இன்னா பெருசு? எப்பவும் போடுவீங்களே, தண்ணி ஊசி, அத ஒண்ணு போட்டு அனுப்புங்க. காச்சி வடிச்ச தண்ணியால யாருக்கு இன்னா ஆவும்? அவ மனசும் ஆறும், உங்க வாயும் மூடும்.

— அவரு சொன்னது உனக்குப் புரியல. மருந்தா தண்ணியாங்கறது இல்ல. வாதக் கிருமி ஒடம்புல ஓடிக்கிட்டு இருக்கும்போது சதையில குத்தறதே தப்புன்னாரு. சீமையில பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தியே ஆராய்ச்சி பண்ணிப் புஸ்தகத்துல போட்டுட்டாங்களாம். எந்தக் கால்ல ஊசியோ அந்தக் காலுதான் போவுதாம். நமக்குத்தான் தெரியல.

— கன்னியப்பனுக்கு நீங்க போட்டது நல்ல மருந்துதானே? உசுரக் காப்பாத்தத்தானே போட்டீங்க? அல்லாவுக்குத் தெரியாதா?

— அதான் தெரிய வேணாம்னு நினைக்கிறேன்.

— ஏன்?

— அன்னிக்கும் தண்ணிதான் போட்டேன் ஷரீஃபு.

— தண்ணியா? கன்னியப்பனுக்கா?

— தானா எறங்குற ஜொரம். ஊசி போடாம போவ மாட்டேன்னு வாசல்ல உக்காந்துட்டா. நல்ல மருந்த ஏன் வீணாக்கணும்னு தண்ணிய ஏத்திக் குத்தி அனுப்பினேன். ஒண்ணுமில்லாததுக்கு ஒரு காலு.

— யா அல்லா. இத எங்கிட்டகூட சொல்லலியே நீங்க.

— இனிமே யார்கிட்ட மறைச்சு இன்னா?

— வேணாங்க. உங்க காலப் புடிக்கிறேன். இந்த இருபது நாளு பொறுத்துக்கங்க. அப்பறம் ஊரக் கூட்டிச் சொல்லுங்க. ஏங்க! நில்லுங்க!

— வந்துட்டீங்களா பாய்? துணி அதுக்குள்ள சூடாயிடுச்சு. ஆமா, தண்ணி ஊசின்னா இன்னா?

— கேட்டுதா?

— அது மட்டும்தான் காதுல வுழுந்துது. பேரே குளுமையா இருக்குதே. ஜொரத்துக்குன்னு புதுசா வந்திருக்குதா? அதையே போட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.

— அது மருந்தே இல்லம்மா. வெறும் தண்ணி. ஊசி கேட்டு அடம் புடிக்கிறவங்களுக்கு, மனசுக்காகப் போடறது.

— வெறும் தண்ணியா? போங்க பாய், வெளையாடறீங்க.

— வெளையாடல. உக்காரு. இப்ப நான் சொல்றத முழுசாக் கேளு. நடுவுல எழுந்திரிச்சுப் போயிடாத. பத்து நாளைக்கு முந்தி ஒரு டாக்டரோட உன் வூட்டுக்கு வந்தேன். தெரியுமா?

— மாமியாரு சொல்லிச்சு. நொண்டிப் புள்ளைங்களுக்கு எதுனா பண்ணுவாங்களான்னு கேட்டுதாம். நான் பறிக்குப் போயிட்டேன்.

— வூடு வூடாப் போனோம். ஜொரம் வந்தப்ப ஊசி போட்டாங்களா, எந்தக் காலு, இதத்தான் கேட்டாரு. எட்டுப் புள்ளைங்களுக்கு ஊசி போட்ட காலுதான் போயிருக்குது. அதுல மூணு என் கை. ஒம்பதாவது உன் வூடு. ஈரத்துல போட்டான்னாங்க உன் மாமியாரு. அவரு அப்டியே எழுதிக்கிட்டாரு. நான் பக்கத்துல நின்னேன். வாயத் தொறக்கல.

— இன்னா சொல்றீங்க? எனக்குப் புரியல.

— இளம்பிள்ளை வாதம் ஈரத்தால வரதில்ல ரஞ்சிதம். அது ஒரு கிருமி. அழுக்குக் கையில, தண்ணியில வயித்துக்குள்ள போவுது. நூறு புள்ளைக்கு வந்தா, தொண்ணூத்தொம்பது புள்ளைக்கு வெறும் ஜொரம் அடிச்சிட்டுப் போயிடும். அந்த நேரம் பாத்துக் கால்ல ஊசி குத்துனா, சில புள்ளைங்களுக்கு அது அங்க நரம்புல ஏறிடுதாம். கன்னியப்பனுக்கு இடது கால்ல குத்துனேன். மூணாம் நாளு நீ தூக்கிட்டு வந்தே. இடது காலு தொங்கிக்கிட்டு வந்துது.

— நீங்கதானே கேட்டீங்க! ஈரத்துல கீரத்துல போட்டியான்னு நீங்கதானே பாய் என்னக் கேட்டீங்க?

— நான்தான் கேட்டேன்.

— அத வெச்சுத்தானே எம் மாமியாரு புடிச்சிக்கிச்சு! கம்பவுண்டரே சொல்லிட்டாருன்னு!

— எனக்கு அப்ப காரணம் தெரியாது. எல்லாரும் கேக்குறத நானும் கேட்டேன். ஆனா பத்து நாளாத் தெரியும். இந்தப் பத்து நாளும் உன்ன அவங்க திட்டுனதுக்கும் அடிச்சதுக்கும் நான்தான் பொறுப்பு.

— அப்ப ஈரம் இல்ல.

— இல்ல.

— நான் இல்ல.

— நீ இல்லம்மா. நல்லாக் கேட்டுக்க, நீ இல்ல. நான் அன்னிக்குப் போட்டதும் மருந்து இல்ல. தண்ணி.

— ஆறு வருஷம் பாய். புள்ள மூஞ்சிய நேராப் பாத்ததில்ல நான். அவன் தவழ்ந்துக்கினு வரும்போது வேற பக்கம் திரும்பிக்குவேன். அம்மாடின்னு ஒரு நாளு அவன வாரித் தூக்கினதில்ல. பயம். நான் தொட்டா இன்னும் எதுனா ஆயிடுமோன்னு பயம். உங்களுக்குத் தண்ணி. வெறும் தண்ணி!

— அடிச்சிட்டுப் போ. வாங்கிக்கிறேன்.

— ரஞ்சிதம், எம்மா, நான் சொல்றேன் கேளு. அவரு வேணும்னு பண்ணல. நமக்குள்ள இருக்கட்டும். நான் ஒனக்கு இன்னா வேணும்னாலும்...

— நீங்க உள்ள போங்க பாயம்மா. உங்ககிட்ட எனக்குப் பேச்சே இல்ல.

— ஷரீஃபு, உள்ள போ. துரைக்கண்ணுகிட்ட நானே வந்து சொல்றேன் ரஞ்சிதம். உன் மாமியாரு எதிர்ல சொல்றேன். அந்த டாக்டருக்கும் காயிதம் போட்டு, ஒம்பதுன்னு திருத்திக்கச் சொல்றேன். அதெல்லாம் அப்பறம். இப்ப இவளப் பாரு. ஜொரம், கழுத்து வலி, வாந்தி. அதுவாவே இருக்கலாம், இல்லாமயும் போவலாம். ஜொரம் எறங்குற வரைக்கும் யார் வந்து கெஞ்சினாலும் இவ ஒடம்புல ஊசி படக் கூடாது. அவ்வளவுதான் வேணும். நூத்துல தொண்ணூத்தொம்பது தானா சரியாப் போயிடும். ஏன் அப்டிப் பாக்குறே?

— ஊரே பேசிக்கிச்சு பாய். கம்பவுண்டரு ஊசியே போடறதில்ல, வயசாயிடுச்சு, கை நடுங்குதுன்னு.

— பேசட்டும்.

— அவலூர்பேட்டை சந்தையில ஒருத்தரு பொட்டி வெச்சிக்கினு உக்காந்திருக்காரு, அவரு போடறாருன்னாங்க.

— ரஞ்சிதம்.

— முந்தாநேத்து பஸ் ஏறிப் போயிட்டேன். ஜொரம் எறங்கல. அவரு கை சரியில்ல, பாய் கையிலதான் எறங்கும்னு உங்ககிட்ட வந்தேன். சொன்னா கோச்சிக்குவீங்கன்னு மறைச்சேன். இன்னாத்துக்குப் போடலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் போயிருப்பேனா பாய்? பத்து நாளாத் தெரியும்னீங்களே, ஒரு வார்த்தை!

— எங்க போட்டான்? கையிலயா?

— தொடையில.

— எந்தப் பக்கம்?

— வலது.

— பெஞ்சு மேல படுக்க வை. மெதுவா. பாவாடைய ஒதுக்கு. வசந்தா, கண்ணு, அழாதம்மா, தாத்தா ஒண்ணும் பண்ணல, ஊசி இல்ல, பாரு, வெறுங்கை. உள்ளங்கால்ல விரலால சொரண்டறேன், நீ இவ காலையே பாத்துக்கிட்டு இரு. இது இடது.

— இழுத்துக்கிச்சு! பாத்தீங்களா, வெடுக்குன்னு இழுத்துக்கிச்சு! இவளுக்குக் கூச்சம் ரொம்ப பாய்.

— ம்.

— இப்ப வலது பக்கம் பண்ணுங்க.

— ...

— பண்ணுங்க பாய். ஏன் நிறுத்திட்டீங்க?

— பண்ணிக்கிட்டேதாம்மா இருக்கேன்.