மாற்று நிலையம்

இலவச மென்பொருளை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். புறப்படும் ஊரையும் இறங்கும் ஊரையும் தட்டினால் போதும். வழி, உயரம், எதிர்காற்று, எவ்வளவு எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்துவிடும். நானும் பல காலம் அதைத்தான் வைத்திருந்தேன். ஆனால் அது ஒரு பயந்தாங்கொள்ளி. கேட்காமலேயே கூடுதல் எரிபொருளை ஏற்றும். இறங்கும் ஊரில் புயலோ மழையோ இருந்தால் வேறெங்காவது போய் இறங்க, ஒரு மாற்று நிலையத்தையும் தானாகவே சேர்த்துவிடும். நான் காசு கொடுத்து வாங்கியது அப்படியில்லை. அதில் முடிவெடுப்பவன் விமானி. பயணிகள் எத்தனை பேர் என்பதைக்கூட நானே நிரப்புவேன். மாற்று நிலையம் வேண்டாம் என்று குறியிட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடும்.

நீங்கள் அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள் சார். அங்கேதான் வருகிறேன். வாசலில் நிற்கும் உங்கள் கான்ஸ்டபிள், "கேம் ஆடிட்டிருந்தானாம்" என்று சிரித்தது என் காதில் விழுந்தது. சிரிக்கட்டும். இந்த மென்பொருளைப் பற்றித் தெரியாமல் என் அண்ணனைப் பற்றி ஒன்றும் விளங்காது.

அண்ணன் ஒரு விமான நிறுவனத்தில் பயணத் திட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஆசைக்குச் செய்வதை அவர் சம்பளத்துக்குச் செய்தார். அண்ணி போய்ச் சேர்ந்து, அவருக்கு நுரையீரலும் கெட்ட பிறகு, எங்கள் வீட்டில் என் அறைக்குப் பக்கத்து அறைக்கு வந்தார். மூக்கில் குழாய், கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின். மின்சாரத்தில் ஓடுவது. "கூடப்பிறந்தவர நாம பாக்காம யாரு பாப்பாங்க?" என்று என் மனைவிதான் அழைத்துவந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வந்த நாளிலிருந்து மேற்பார்வைதான். நான் பூட்டிய கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். நான் மூடிய கேஸை மறுபடி திருகிப் பார்க்கும்படி என் மனைவியிடம் சொல்வார். நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். அங்கே என்னை யாரும் எதுவென்றும் கூப்பிடுவதில்லை. ஆனால் என்னைப் போல வீட்டிலிருந்து ஓட்டுகிறவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே எனக்குப் பெயர் கேப்டன். அந்த ஒரு இடத்தைத்தான் நான் எனக்கென்று வைத்திருந்தேன்.

ஒருநாள் குழுவோடு ஓட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் நீளக் குழாயை இழுத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். மைக் திறந்திருப்பது அவருக்குத் தெரியும்.

"டேய், மாற்று நிலையம் எங்கடா?"

"தேவையில்லண்ணா. வானிலை நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கும்போதுதான்டா போடணும். கெட்டுப்போனப்புறம் எங்க போய்த் தேடுவே? இந்தப் பிளான் என் மேசைக்கு வந்திருந்தா கிழிச்சுக் குப்பையில போட்டிருப்பேன்."

குழுவில் அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அவர்தான் வேண்டும். "பெரியவர் இருக்காரா? இந்தப் பிளான ஒரு பார்வ பாக்கச் சொல்லுங்க," என்று என்னிடமே கேட்டார்கள். மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். தினமும் பட்டால் மண்டைதான் வீங்கும். எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது அப்போதுதான். மறைக்க ஒன்றுமில்லை.

என் மென்பொருள் சரியென்று காட்ட ஒரே வழி இருந்தது. அது சொன்ன எரிபொருளை மட்டும் நிரப்பி, மாற்று நிலையம் இல்லாமல், நீண்ட தூரம் போய் இறங்குவது. குழுவில் நாள் குறித்தேன். நேரடியாக எல்லோரும் பார்க்கும் பயணம். நடுவில் நிறுத்திவைத்துவிட்டு எழுந்திருக்கலாமே என்கிறீர்கள். நிஜ விமானம் வானத்தில் நிற்குமா சார்?

பராமரிப்பு வேலைக்காக அன்று பகலில் மின்சாரம் நிறுத்தப்படும் என்று முந்தின நாளே கைப்பேசிக்குச் செய்தி வந்திருந்தது. மனைவி வேலைக்குக் கிளம்பும்போதும் சொன்னாள்: "கரண்ட் போனா உங்க கம்ப்யூட்டர அணைச்சிருங்க. இன்வெர்ட்டர் உங்க அண்ணனுக்கு மட்டும்தான். மறந்துராதீங்க."

மறக்கவில்லை. அறிவிப்புகளைப் படிக்காமல் கிளம்புகிறவன் விமானியே அல்ல. இன்வெர்ட்டர் என் கணினியையும் அவர் மெஷினையும் சேர்த்துத் தாங்காது என்று கணக்குப் போட்டும் வைத்திருந்தேன். அவள் தெருமுனையைத் தாண்டியதும், அண்ணன் அயர்ந்து தூங்கும்போது, இன்வெர்ட்டர் ஒயரை அவர் அறையிலிருந்து என் அறைக்கு இழுத்துக்கொண்டேன். அவர் மெஷினைச் சுவரில் இருந்த சாதாரண பிளக்கில் சொருகினேன். மின்சாரம் இருக்கும்வரை அவருக்கு ஒரு குறையுமில்லை.

அவரிடமும் ஒரு மாற்று ஏற்பாடு இருந்தது. கட்டிலுக்குப் பின்னால் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அதைத் திறக்க ஒரு சின்ன ஸ்பேனர் வேண்டும். அதைச் சிலிண்டர் கழுத்திலேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவர் புத்தி அப்படி. என் மேசையில் மாட்டியிருக்கும் விமான ஸ்டியரிங் கொஞ்சம் ஆடியது. முறுக்குவதற்கு அந்த ஸ்பேனரை அவிழ்த்துவந்தேன். முறுக்கி முடித்ததும் வலது கைப்பக்கமாக வைத்தேன். திருப்பிக் கொண்டுபோய்க் கட்டவில்லை. இது மறதி இல்லை.

விமானம் இறங்கத் தொடங்கியபோது மின்சாரம் போனது. என் திரை இமைக்கக்கூட இல்லை. பக்கத்து அறையில் மெஷின் கூவ ஆரம்பித்தது. ஹெட்போன் போட்டிருந்தேன், கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்டது.

சற்று நேரத்தில் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து என் அறை வாசலுக்கு வந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஸ்பேனர்... ஸ்பேனர் எங்கடா?"

"இறங்கிட்டிருக்கேன் அண்ணா. கொஞ்சம் இருங்க."

மைக்கை மூடிக்கொண்டுதான் சொன்னேன். ஒருமுறை பட்டது போதும்.

அவர் கதவு நிலையைப் பிடித்தபடி என் திரையைப் பார்த்தார். மூச்சுக்குத் தவிக்கும் மனிதன் எதைப் பார்ப்பான்? அவர் எரிபொருள் முள்ளைப் பார்த்தார். தொட்டில் பழக்கம்.

"மாற்று... போடலையாடா?"

அதுவரை எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. கை ஸ்பேனர் பக்கம் நகரக்கூட நகர்ந்தது. அந்த நிலையிலும் என்னிடம் குற்றம்தான் கண்டுபிடித்தார். கை மறுபடி ஸ்டியரிங்குக்கே வந்துவிட்டது.

அவர் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்தார். இழுப்புச் சத்தம் கேட்டது, பிறகு குறைந்தது. சக்கரங்கள் பூப்போல ஓடுபாதையில் அமர்ந்தன. "சபாஷ் கேப்டன்" என்று குழுவில் எல்லோரும் சொன்னார்கள். எத்தனை நாளைக்குப் பிறகு. விமானத்தை ஓரங்கட்டி, என்ஜின்களை அணைத்து, கதவுகளைத் திறந்து, செய்ய வேண்டியதையெல்லாம் முறையாக முடித்தேன். மென்பொருள் சொன்னதைவிட எரிபொருள் சற்றுக் கூடுதலாகவே மிஞ்சியிருந்தது. நாற்காலியைத் திருப்பி, "பாத்தீங்களாண்ணா, மிச்சம் இருக்கு," என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தோற்றால் பேசாமல் இருப்பது அவர் வழக்கம் என்று முதலில் நினைத்தேன்.

ஒயரை மாற்றியவன் நான். ஸ்பேனரை எடுத்தவன் நான். கேட்டபோது கொடுக்காதவனும் நான்தான். மூன்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நீங்கள் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள் சார். அன்று என் விமானத்தில் இருநூற்றுப் பதினான்கு பயணிகள் இருந்தார்கள். ஒருவர்மேலும் ஒரு கீறல் விழாமல் இறக்கினேன். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?