நோம்பு மாசத்துக் கேப்சூல்

ரொஸ்னா: ஆளனுப்பினா சுல்தான் வரமாட்டான். நீங்கதான் ஆயர் ஈத்தாம்ல அவன் வீட்டுக்குப் போயி கூப்பிடணும்.

அலாவுதீன்: உன் தம்பிங்கிறதுக்காக நான் போயி நிக்கணுமா? நோம்பு மாசம், பட்டப்பகல்ல, கடை ஸ்டோருக்குள்ள தண்ணி கிளாஸும் ரொட்டித் துண்டுமா நிக்கிறான். வேலைக்காரங்க அத்தன பேரும் பாத்தாங்க.

ரொஸ்னா: அதுக்குக் கன்னத்துல அடிப்பீங்களா? பேரப்புள்ள எடுக்கப் போற வயசு அவனுக்கு.

அலாவுதீன்: மாலு லா, ரொஸ்னா, வெக்கக்கேடு. பள்ளிவாசல் கமிட்டியில இருக்கேன். என் கடையிலயே இப்படின்னா மூஞ்சிய எங்க வச்சுக்கிறது...

ரொஸ்னா: சரி, அத விடுங்க. கேப்சூல் போட்டீங்களா?

அலாவுதீன்: எந்தக் கேப்சூல்?

ரொஸ்னா: எத்தன இருக்கு? டியூப் விட்டுப் பாத்துட்டு டாக்டர் என்ன சொன்னாரு? புளிச்ச தண்ணி மேல ஏறி ஏறி, சாப்பாட்டுக் குழாய்க்குள்ள தோலே மாறிப் போச்சு. இன்னும் புத்துநோய் இல்ல. விடாம மருந்து சாப்பிட்டா அது வர்றது கொறையும்னு...

அலாவுதீன்: மெதுவா பேசு. கீழ கடையில கேக்கும்.

ரொஸ்னா: விடியக்கால சஹர் சாப்பாட்டுக்கு நீங்க போட்டு நான் பாக்கல.

அலாவுதீன்: பெருநா கழிச்சு போட்டுக்கலாம்.

ரொஸ்னா: அதுவரைக்கும் நோய் காத்திருக்குமா? என்னையப் பாத்துச் சொல்லுங்க. நிறுத்திட்டீங்களா?

அலாவுதீன்: நிறுத்தல.

ரொஸ்னா: பின்ன எப்ப போடுறீங்க?

அலாவுதீன்: ஏதோ ஒரு நேரம்.

ரொஸ்னா: எப்பங்க?

அலாவுதீன்: பகல்ல.

ரொஸ்னா: பகல்லன்னா?

அலாவுதீன்: காலி வயிறா இருந்தா நெஞ்சு எரியுது. மருந்தப் போட்டுட்டு, கொஞ்சம் கழிச்சு ரொட்டி... ஒரு நோம்பும் பிடிக்கல, ரொஸ்னா. சாயங்காலம் உங்களோட உக்காந்து, பேரீச்சம்பழத்தக் கையில வச்சுக்கிட்டு பாங்குக்குக் காத்திருப்பேன் பாரு... அப்ப அப்படியே செத்துப் போயிடலாம்னு இருக்கும்.

ரொஸ்னா: நோயாளிக்குத்தான் விலக்கு இருக்கே. டாக்டரும் நோம்பு வேணாம்னுதானே சொன்னாரு. வாயத் தொறந்து சொல்லியிருந்தா...

அலாவுதீன்: என்னன்னு? நாசி கண்டார் சோத்துக்கடைக்காரன் தன் கொழம்பத் தின்னே தொண்டை அழுகிக் கெடக்கான்னா, நாளைக்கு எவன் தட்ட நீட்டுவான்?

ரொஸ்னா: உங்க மானத்துக்கு என் தம்பி கன்னமா?

அலாவுதீன்: நான் சீக்காளி. அவனுக்கென்ன கேடு? அவன் செஞ்சது தப்புதானே?

ரொஸ்னா: அவன் நோம்போடதாங்க இருந்தான். நீங்க மிச்சம் வச்ச ரொட்டிய எடுத்துட்டு, குடிச்சு வச்ச கிளாஸ, வேலைக்காரங்க கண்ணுல படாம தினமும் கழுவி வைக்கிறதே அவன்தான். தனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மச்சான் கூனிப் போயிடுவாருன்னு, சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான்.