தனிப்பிடிக்கு இரண்டு, கூட்டுப்பிடிக்கு ஒன்று

ஐம்பத்தெட்டு வயதாகியும் எனக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. படிப்பதற்கும் சரி, தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதற்கும் சரி. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நாற்பதிலேயே பார்வை மங்கிவிடும். நான் ஒருத்திதான் தப்பினேன். என்னை அந்த வேலைக்கு எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீங்கள் ஃபுட்பால் பார்ப்பவரில்லை, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் இந்த அமெரிக்க ஆட்டம் புரியாது என்று சொன்னீர்கள். நல்லதாகப் போயிற்று. பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் பாதியிலேயே கத்தத் தொடங்கிவிடுகிறார்கள்.

என் பெயர் டார்லீன் பிலார்ஸ்கி. முப்பது வருஷம் பள்ளிகளிலும் கல்லூரியிலும் விளையாட்டுப் பிள்ளைகளின் அடிபட்ட முட்டியையும் தோளையும் கவனித்தவள். அதன் பிறகுதான் டொலீடோ ஹெரான்ஸ் அணியின் மைதானத்தில், மேல்மாடக் கண்ணாடி அறையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. ஒரு தொலைநோக்கி, நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பார்க்க இரண்டு திரைகள், ஒரு பொத்தான். யாருக்காவது தலையில் அடிபட்டு அவன் தள்ளாடினால் நான் பொத்தானை அழுத்த வேண்டும். நடுவரின் காதில் என் குரல் கேட்கும். ஆட்டம் நிற்கும். அவனை வெளியே கொண்டுபோய் டாக்டர் பார்ப்பார். நான் எந்த அணியையும் சேர்ந்தவள் இல்லை. யார் ஜெயித்தாலும் எனக்கு ஒன்றுதான். அப்படித்தான் விதி. எனக்கும் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

குடும்ப லீக் வேறு விஷயம். இந்த ஊரில் பாதிப் பேர் அதை ஆடுகிறார்கள். நிஜ அணிகளிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் வீரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீரர்கள் மைதானத்தில் என்ன செய்கிறார்களோ அதற்கேற்ப நமக்குப் புள்ளி. மற்ற வீடுகளில் பந்தோடு ஓடுபவர்களுக்கும் அதை எறிபவர்களுக்கும் மட்டும்தான் புள்ளி உண்டு. எங்கள் வீட்டில் என் அண்ணன் கேஸிமிர், எங்களுக்குக் கேஸ், அவன் வைத்ததுதான் சட்டம். அவன் ஒரு காலத்தில் பள்ளிக்கூட அணியில் தடுப்பாட்டக்காரன். "ஓடறவனுக்கு மட்டும் புள்ளியாம், அவன மடக்கிக் கீழ போடறவன் என்ன மண்ணாங்கட்டியா?" என்று கேட்டு, தடுப்பவர்களையும் சேர்த்தான். ஓடுபவனை ஒருத்தனாகவே பிடித்துச் சாய்த்தால் தனிப்பிடி, இரண்டு புள்ளி. இன்னொருத்தனோடு சேர்ந்து சாய்த்தால் கூட்டுப்பிடி, ஒரு புள்ளி.

நான் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. என் வேலையில் இருப்பவர்கள் இப்படி ஆடக்கூடாது என்பதால் அணி என் கணவர் நார்ப் பெயரில் இருந்தது. நார்ப்புக்கு மீன் பிடிப்பதைத் தவிர எதிலும் அக்கறை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

போன வருஷம்தான் அந்தப் புள்ளிக் கணக்கை நான் உட்கார்ந்து யோசித்தேன். உண்மையிலேயே திறமையான தடுப்பாட்டக்காரனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. அவன் பக்கமே யாரும் பந்தை எறிய மாட்டார்கள், அவன் யாரைப் பிடிப்பான்? புள்ளி குவிப்பவன் வேறு ஆள். மோசமான அணியின் நடுத் தடுப்பாளன். அவனுக்கு முன்னால் நிற்கும் வரிசை ஓட்டையாக இருக்க வேண்டும், ஓடுபவன் ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டை வழியாக வர வேண்டும். அவனுடைய அணிக்காரர்கள் பந்தைக் கையில் வைத்திருக்கத் தெரியாதவர்களாக இருக்க வேண்டும், அப்போதுதான் அவன் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மறுபடி களத்துக்கு வருவான். எதிராளி வேண்டிய தூரம் ஓடி முடித்த பிறகு இவன் போய் அவனைச் சாய்ப்பான். ஒவ்வொரு பிடியும் ஒரு தோல்விதான். ஆனால் கணக்கில் அது இரண்டு புள்ளி.

எங்கள் ஹெரான்ஸ் அணியிலேயே அப்படி ஒருத்தன் இருந்தான். ஏமரி மூட்டன், லூசியானா பையன், இருபத்துநாலு வயது. பத்திரிகைக்காரர்கள் யாரும் அவனைப் பற்றி எழுதியதில்லை.

ஆகஸ்டில் கேஸ் வீட்டுக் கார் கொட்டகையில் கூடி வீரர்களைப் பங்கு போட்டோம். அவன் வாசலில் நின்று கீல்பாசா இறைச்சிக் குழல்கள் சுட்டுக்கொண்டிருந்தான். நான் மூட்டன் பெயரைச் சொன்னதும் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"ஏன்டி டார்லீ, கறிக்கடைக்கு வந்து முட்டைக்கோஸ் வாங்கறியே!"

"எனக்கு அதுதான் புடிக்கும். உனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல, தாராளமா வாங்கிட்டுப் போ. டிசம்பர்ல நான் கோப்பைய தொடைக்கும்போது துணி புடிக்க ஒரு ஆள் வேணுமில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோப்பை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். யாரோ பந்தை உருட்டிக் கட்டை சாய்க்கும் பௌலிங்கில் ஜெயித்த பழைய பொருள். மேலே நிற்கும் பொம்மையின் தலை உடைந்து ஒட்டவைத்தது.

செப்டம்பர் முடிவதற்குள் யாரும் சிரிக்கவில்லை. ஹெரான்ஸ் வாராவாரம் தோற்றது. மூட்டன் வாராவாரம் பிடித்தான். நான் சொல்வது உங்களுக்கு வினோதமாகத் தோன்றலாம், அந்த ஊரில் அவனை என்னைப் போல மதித்தவர்கள் யாரும் இல்லை. மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் அவனைப் பார்த்தேன்.

அவன் அம்மாவை ஒருமுறை சந்தித்திருக்கிறேன். அக்டோபரில், மைதானத்து லிஃப்டில். மகனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மூடி போட்ட பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"மேலேருந்து புள்ளைங்களப் பாத்துக்கிறது நீங்கதானாம்மா?"

"ஆமா."

"நான் ஏமரியோட அம்மா. அவனா வெளிய வரவே மாட்டான், இப்பவே சொல்லிட்டேன். கை ஒடிஞ்சாலும் வாயத் தொறக்க மாட்டான். பொறந்ததுலேருந்து அப்படி. நீங்கதான் இழுத்து உக்கார வெக்கணும்."

"பாத்துக்கிறேன்."

"ஒரு கண்ணு வெச்சுக்குங்கம்மா."

இரண்டு கண்ணையும் அவன்மேல்தான் வைத்திருந்தேன். ஏன் என்று அவளிடம் சொல்ல முடியாதல்லவா.

நவம்பரில் நடந்ததையும் கேட்டீர்கள். அது மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்த ஒரு குவியலிலிருந்து மூட்டன் மெதுவாக எழுந்தான். பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டான். பொத்தானை அழுத்தியிருக்கலாம். களைப்பு என்று முடிவு செய்தேன். அதற்கு முந்தைய வருஷம் இப்படித்தான் இன்னொரு பையனை வெளியே எடுக்க வைத்தேன். டாக்டர் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அதற்குள் அவன் இடத்தில் இறங்கியவன் நன்றாக ஆடிவிட்டான். நான் வெளியே எடுக்க வைத்த பையனை வாரக் கடைசியில் அணியிலிருந்தே அனுப்பிவிட்டார்கள். அதெல்லாம் என் மனதில் ஓடியது. மூட்டன் அன்றைக்குக் கடைசி வரை ஆடினான். அடுத்த வாரமும் ஆடினான். ஆக, என் கணிப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. குடும்ப லீக்கில் அந்த வாரம் நான் கேஸ் மனைவியின் தம்பியைத் தோற்கடித்தேன்.

டிசம்பரில் இறுதிப் போட்டி எனக்கும் கேஸுக்கும். அவனுடைய ஆட்கள் எல்லோரும் மதியத்துக்குள்ளேயே ஆடி முடித்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் மூட்டன் மட்டும். ஹெரான்ஸ் ஆட்டம் பிற்பகலில் தொடங்கியது. ஏரிப் பக்கமிருந்து பனி தூவிக்கொண்டிருந்தது. மூன்றாவது பகுதி நடக்கும்போது நான் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தேன். சமமானால் கோப்பை கேஸுக்கு, வருஷம் முழுக்க என்னைவிட ஒருபடி மேலே இருந்தவன் அவன். கோட்டுப் பையில் கைபேசி அதிர்ந்தது. "முட்டைக்கோஸ் பனியில வாடிப்போச்சா டார்லீ?" என்று அனுப்பியிருந்தான்.

அப்போதுதான் அது நடந்தது. ஓடி வந்தவனின் முட்டி மூட்டனின் தலையில் பக்கவாட்டில் இடித்தது. விழுந்தான். விழுந்தபோது அவனுடைய இரண்டு கைகளும் விறைத்து, முன்னால் நீட்டியபடி அந்தரத்தில் நின்றன. கட்டையாகிப்போன மாதிரி. ஒரு நொடி, இரண்டு நொடி. மூளை குலுங்கினால் அப்படி ஆகும். என் வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். பிறகு எழுந்தான். எதிரணிக்காரர்கள் கூடி நின்ற வட்டத்தில் போய் நின்றான். அவனுடைய ஆள் ஒருத்தன் வந்து இடுப்பைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப்போனான்.

பனி மறைத்துவிட்டது என்று என் அறிக்கையில் எழுதியிருக்கிறேன். மறைக்கவில்லை. தெளிவாகப் பார்த்தேன். திரையிலும் ஓட்டிப் பார்த்தேன்.

விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. அவசரப்படுபவள் இல்லை நான். இன்னும் ஒரு தடவை பந்து நகரட்டும், பார்ப்போம் என்று தோன்றியது. சரியில்லை என்றால் அவனே காட்டிக்கொடுத்துவிடுவான். அடுத்த தடவை பந்தோடு ஓடி வந்தவனை அவன் தனியாகப் பிடித்துச் சாய்த்தான். கால் சரியாகத் தரையில் படாமல்தான் நடந்தான், ஆனால் பிடித்தான். சரியில்லாதவன் எப்படிப் பிடிப்பான்? கொஞ்ச நேரத்தில் இன்னொரு தனிப்பிடி. இன்னும் ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தேன். இதுவரை பார்த்தவள் இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாவது முறை மூட்டனும் ஓடி வந்தவனும் நேருக்கு நேர் மோதினார்கள். பந்தை வைத்திருந்தவன் சரிந்தான். பின்னாலிருந்து ஹெரான்ஸ் ஆள் இன்னொருத்தனும் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்திருந்தான். மூன்று பேரும் சேர்ந்து விழுந்தார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள்.

பொத்தானை அப்போது அழுத்தினேன். அதற்கு அவசியமே இல்லை, நடுவர் ஏற்கெனவே கையைத் தூக்கி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கழற்றக்கூடாது, சரியாகத்தான் செய்தார்கள்.

எனக்குப் பக்கத்து மேஜையில் ஹாவர்ட் பீட்டி உட்கார்ந்திருப்பார். யார் பிடித்தார், எத்தனை பேர் பிடித்தார்கள் என்று ஆட்டக் கணக்கில் பதிபவர். சங்கோஜி. குவியலில் சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்பார், என்னிடம் திரை இருக்கிறதே. வருஷம் முழுக்க அவருக்கு உதவியிருக்கிறேன். மூட்டன் விஷயத்தில்கூட ஒரு தடவையும் மாற்றிச் சொன்னதில்லை. அதில் நான் கண்டிப்பானவள்.

கீழே தூக்குப்படுக்கை வந்துகொண்டிருந்தது. ஹாவர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"டார்லீன், இப்பப் போய்க் கேக்கறேன்னு நெனைக்காதீங்க. நான் எதையாவது பதிஞ்சாகணும். தனியா, சேந்தா?"

திரையில் ஓட்டிப் பார்த்தேன். மற்றவன் கை இடுப்பைச் சுற்றி நன்றாகத் தெரிந்தது. மூட்டனின் தலைக்கவசக் கம்பிகளுக்குள் கண் திறந்திருந்ததும் தெரிந்தது.

"தனியா," என்றேன்.

ஹாவர்ட் அப்படியே பதிந்தார்.

அவன் உயிரோடுதான் இருக்கிறான். மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். வசந்தத்தில் லூசியானாவுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கரண்டியால் ஊட்டுகிறாளாம். ஊட்டுவது யாரென்று அவனுக்குத் தெரியாதாம். நான் நலம் விசாரித்து ஒரு அட்டை அனுப்பினேன். பதில் வரவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

விசாரிக்கச் சொல்லி உங்களிடம் புகார் கொடுத்தது கேஸ்தான் என்று தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோப்பையோடு வீட்டுக்கு வந்தான். பியரோகிக் கொழுக்கட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு நீதானே மேல இருந்த?"

"ஆமா, நான்தான்."

"டிவில காட்டினான் டார்லீ. அவன் கை அப்படியே வெறச்சு நின்னுச்சு. எனக்கே தெரிஞ்சுது. பீர் குடிச்சிட்டு சோபால கெடந்த எனக்கே தெரிஞ்சுது."

"டிவில பாக்கறது வேற, கேஸ்."

"அதுக்கப்புறம் மூணு பிடி." கோப்பையை மேஜைமேல் வைத்தான். "மூணு. நீ எண்ணிக்கிட்டு இருந்தியாடி?"

சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் பனியில் இறங்கிப் போனான். தோற்றால் தாங்க மாட்டான், சின்ன வயதிலிருந்தே. நார்ப்பிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஆனால் எட்டு மாதமாக எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை. உங்களிடம் முழுவதையும் சொல்ல ஒத்துக்கொண்டது அதனால்தான். பொத்தானைப் பற்றி நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். பார்த்தேன், புரிந்தது, அழுத்தவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதெல்லாம் அந்தந்த நேரத்துக் கணிப்பு. அந்த நாற்காலியில் உட்காராதவர்களுக்கு அது புரியாது. என்னை உறுத்துவது அது இல்லை.

அந்தக் கடைசிப் பிடி கூட்டுப்பிடி. தெரிந்தே மாற்றிச் சொன்னேன். ஹாவர்டைப் போன்ற நல்ல மனிதரைப் பொய்யாகப் பதிய வைத்தேன். அதைத் திருத்த உங்களால் முடியுமானால் தயவுசெய்து திருத்திவிடுங்கள். ஒரு புள்ளி குறைந்தால் சமமாகிவிடும், கோப்பை கேஸுக்குப் போய்விடும். காரில் கொண்டுவந்திருக்கிறேன், நீங்களே அவனிடம் கொடுத்துவிடலாம். அதன்பிறகு அந்தப் பையன் விஷயத்தில் என் மனசாட்சியில் பாக்கி எதுவும் இருக்காது.